பத்துக் கணக்கும் ஐம்பதுக் கணக்கும்: ஒரு கிணற்றுப் பதிவேட்டின் நிகழ்வு ஆய்வு

இது யாழ்ப்பாணத்தில் ஒரு சிறு தொண்டு நிறுவனத்தில் நடந்தது. பதிவேட்டுக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். ஆட்களின் பெயரையும் ஊரின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். தகவலைச் சேர்த்து வைக்கும் எந்த அலுவலகத்திலும் இப்படி நடக்கலாம். அதனால் எங்கள் பிழைகளையும் சேர்த்து, நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

பின்னணி

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் ஓடிவிட்டுக் கோடையில் காய்ந்து கிடக்கும். குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் காலங்காலமாகக் கிணறுதான். மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புநீருக்கு மேலே ஒரு வில்லை போல நிற்கிறது. வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் போடுகிற யூரியாவும் எருவும், வீட்டு மலசலகூடக் குழிகளின் கசிவும் அதே வெடிப்புகளால்தான் இறங்குகின்றன. அதனால் கிணற்றுநீரில் நைத்திரேற்று சேர்கிறது.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியும் இல்லை. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகிற அளவுக்கு இன்னும் செறியும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, அதிலும் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். வயிற்றில் அது நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் குறைக்கிறது. பிள்ளை நீலம் பாரிக்கும். இலங்கையின் குடிநீர்த் தரநியமமான எஸ்.எல்.எஸ். 614, அதன் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பில், லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பதை எல்லையாக வைத்திருக்கிறது.

எங்கள் வேலை, சில கிராமங்களில் வீட்டுக் கிணறுகளை ஒழுங்காக அளந்து, எந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று வீட்டுக்காரருக்குச் சொல்வது. சந்தேகமானதை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம். மற்றதெல்லாம் வெளிக்களத்தில் கையில் கொண்டுபோகும் கருவியால் அளப்பதுதான்.

அந்த வெளிக்கள வேலையைப் 16 வருடமாகச் செய்தவர் ஒரு மூத்த உத்தியோகத்தர். நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் போகாத ஒழுங்கை இல்லை. அளந்ததைச் சி.ஆர். கொப்பியில் எழுதுவார். அலுவலகத்தில் ஒருவர் அதைப் பார்த்து எக்செலில் அடிப்பார். வீட்டு வாசலில் நின்று ஐயா சொல்லும் வசனம் ஊரில் எல்லாருக்கும் பாடம்: "பத்துக்கு மேல போனா பிள்ளைக்குக் கரைச்சுக் குடுக்காதேங்கோ."

கையளிப்பு

ஐயாவுக்கு 60 வயதானது. பொன்னாடை போர்த்தினோம், மதியச் சாப்பாடு கொடுத்தோம். அதற்கு முதல் இரண்டு நாள் கையளிப்பு. அதற்கான நாலு பக்கப் படிவத்தைத் தயாரித்தவன் நான். அலுமாரிச் சாவி, கருவிகள், தொலைபேசி இலக்கங்கள், முடிக்காத வேலைகள், கணினிக் கோப்புகளின் பட்டியல் எல்லாம் அதில் இருந்தன. ஐயா ஒவ்வொன்றாக நிரப்பி ஒப்பமிட்டு, ஒரு பென் டிரைவையும் மேசையில் வைத்தார். "இவ்வளவும்தான் தம்பி."

அவர் எதையும் மறைக்கவில்லை. கேட்டதெல்லாம் தந்தார். அந்த எண்களை எப்படி வாசிக்க வேண்டும் என்ற கேள்விதான் என் படிவத்தில் இல்லை.

அவருடைய இடத்துக்குத் தெரிவான தொழில்நுட்ப உத்தியோகத்தர், பல்கலைக்கழகம் முடித்த ஒரு பெண், அவர் போய் மூன்று கிழமைக்குப் பிறகுதான் வேலைக்கு வந்தார். இருவரும் ஒருவரையொருவர் சந்திக்கவே இல்லை. திட்ட நிதியில் இரண்டு சம்பளத்தை ஒரே மாதத்தில் கொடுக்க இடம் இருக்கவில்லை. அப்போது அது எனக்குச் சிக்கனமாகத் தெரிந்தது.

வரைபடம்

சில மாதங்களில் நிதி தருவோர், பல வருடப் போக்கைக் காட்டும் அறிக்கை ஒன்றைக் கேட்டார்கள். நானும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பழைய எக்செல் கோப்புகள் ஒன்பதை எடுத்து ஒன்றாக இணைக்கத் தொடங்கினோம். இரண்டு கிழமை எடுத்தது.

பாதிக் காலம் எழுத்துருவோடு போனது. பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. கணினியைப் பொறுத்தவரை அது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தியது. ஊர்ப்பெயரை ஒருங்குறியில் தேடினால் ஒன்றும் அகப்படாது. ஒரு கோப்பில் திருநெல்வேலி, இன்னொன்றில் தின்னவேலி, மூன்றாவதில் ஆங்கிலத்தில், அதுவும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். கிணறுகளின் பெயர் இன்னும் மோசம். ஒரே கிணறு ஒரு வருடம் வீட்டுக்காரர் பெயரிலும், அடுத்த வருடம் ஒழுங்கையின் பெயரிலும், பிறகு "வைரவர் கோயிலடி" என்றும் இருக்கும்.

இதையெல்லாம் நேராக்கி முடித்தபோது நாங்கள் களைத்துப் போயிருந்தோம். நைத்திரேற்று என்ற நிரலில் மட்டும் ஒரு சிக்கலும் இருக்கவில்லை. ஒன்பது கோப்பிலும் அதே தலைப்பு, கீழே எண்கள். அப்படியே ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினோம்.

பிறகு ஒவ்வொரு கிணற்றுக்கும் கடைசியாக எடுத்த அளவை வைத்து வரைபடம் செய்தோம். 50 க்குக் கீழே பச்சை, மேலே சிவப்பு. இரண்டு விடயங்கள் கண்ணில் பட்டன. பல வருடத்துக்கு முதல் மட்டும் அளந்த கிணறுகளில் அநேகமானவை பச்சை. அண்மையிலும் அளந்த கிணறுகளில் நைத்திரேற்று விறுவிறென்று ஏறியிருந்தது. பசளைப் பாவனை கூடியதால் நீர் கெடுகிறது என்று நாங்கள் முதலே நம்பியிருந்தோம். நம்பியதையே வரைபடமும் காட்டியது. எதிர்பார்த்த விடை வந்ததால் கேள்வி கேட்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

ஊர் மக்கள் பார்க்கட்டும் என்று வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு, சனசமூக நிலையங்கள் மூன்றில் ஒட்டினோம்.

தொலைபேசி அழைப்பு

ஒன்பதாம் நாள் காலை ஐயா அழைத்தார். ஓய்வுக்குப் பிறகு அவர் தினமும் சனசமூக நிலையத்துக்குப் பேப்பர் வாசிக்கப் போவார்.

"தம்பி, உந்தப் படத்தில வைரவர் கோயிலடிக் கிணறு பச்சையாய்க் கிடக்கு. ஆர் உதைப் பச்சையாக்கினது?"

நான் கோப்பைத் திறந்து பார்த்தேன். "ஐயா, பதினாலுதானே இருக்கு. எல்லை ஐம்பதெல்லோ."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அது பத்துக் கணக்கில பதினாலு, தம்பி."

எனக்கு உடனே விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு விளங்கிவிட்டது. அவருடைய முகம் மாறியதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

விடயம் இதுதான். நீரில் உள்ள நைத்திரேற்றை இரண்டு விதமாக எழுதலாம். அதில் இருக்கும் நைதரசனின் நிறையை மட்டும் எழுதுவது ஒன்று. நைத்திரேற்று முழுவதின் நிறையை எழுதுவது மற்றது. நைதரசனின் அணுநிறை 14. அதோடு ஒட்சிசன் மூன்று சேர்ந்தால் 62. ஆகவே நைதரசனாக 14 என்று எழுதிய அதே தண்ணீர், நைத்திரேற்றாக எழுதினால் 62. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக 4.43 ஆல் பெருக்க வேண்டும். எஸ்.எல்.எஸ். சொல்லும் 50 முழு நைத்திரேற்றுக்கானது. நைதரசனாக அது 11.3 தான் வரும். ஐயா பாவித்த பழைய கருவி நைதரசனாகவே காட்டியது, அவருடைய "பத்து" அந்தக் கணக்கில் பாதுகாப்பான எல்லை. பிறகு வந்த புதுக் கருவி முழு நைத்திரேற்றாகக் காட்டியது. வெளிக்களத்தில் வேலை செய்தவர்கள் ஒன்றைப் பத்துக் கணக்கு என்றும் மற்றதை ஐம்பதுக் கணக்கு என்றும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எல்லாருக்கும் தெரிந்திருந்தபடியால் ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

பின்னேரம் தொழில்நுட்ப உத்தியோகத்தர், இரண்டு காலத்திலும் அளக்கப்பட்ட கிணறுகளை எடுத்துப் புதிய எண்ணைப் பழைய எண்ணால் வகுத்துப் பார்த்தார். மாரி, கோடை வித்தியாசங்களையும் தாண்டி, அநேகமானவை நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் வந்து நின்றன. நாங்கள் அறிக்கையில் எழுதியிருந்த "விறுவிறு ஏற்றம்" அதுதான்.

அன்றே எடுத்த முடிவுகள்

வரைபடத்தை உடனே கழற்றுவதா என்று அலுவலகத்தில் வாக்குவாதம் வந்தது. எங்கள் முகாமையாளர் இரண்டு நாள் பொறுக்கச் சொன்னார். காரணம் இல்லாமல் கழற்றினால் ஊரில் கதை கிளம்பும், பிறகு நாங்கள் எதைச் சொன்னாலும் சனம் நம்பாது என்பது அவருடைய பயம். நியாயமான பயம்தான். தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒன்றே ஒன்று கேட்டார்: "பச்சையைப் பார்த்திட்டு ஒரு தாய் இண்டைக்கு அந்தத் தண்ணியில கரைச்சுக் குடுத்தா?" அதற்குப் பிறகு பேச ஒன்றும் இருக்கவில்லை. மூன்று இடத்திலும் அன்று பின்னேரமே கழற்றி, "எங்கள் கணக்கில் பிழை உள்ளது, திருத்தும்வரை இந்த வரைபடத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்" என்று கையால் எழுதி ஒட்டினோம்.

இரண்டாவது, வீடுகள். பச்சையாகக் காட்டிய, பிறகு அளக்கப்படாத கிணறுகளில் எந்த வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கிறார்கள் என்று அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டோம். ஏழு வீடுகள். மறுநாள் மத்தியானத்துக்குள் ஏழுக்கும் போனோம், கருவியோடு.

ஐந்தாவது வீட்டில் மூன்று மாதக் குழந்தை. தாய்க்குச் சுகமில்லாததால் பால்மா தொடங்கியிருந்தார்கள். முதலில் கோயில் குழாயில் பிடித்து வந்த தண்ணீரில்தான் கரைத்தார்களாம். அம்மம்மா சொன்னார்: "அந்த ஐயா முந்தியே வேண்டாமெண்டு சொன்னவர். நீங்கள் பச்சையெண்டு போட்டதாலதான் திரும்ப எங்கட கிணத்தில அள்ளினனாங்கள்." அன்று அளந்தபோது 71. குழந்தையை அன்றே வைத்தியரிடம் காட்டினோம். ஒரு குறையும் இல்லை என்றார். இருந்தாலும் கிணற்றுநீரில் கரைத்துக் கொடுத்த அந்த ஆறு நாளை நாங்கள் "பாதிப்பில்லை" என்று பதியவில்லை. சரியான ஆலோசனை ஒன்று அந்த வீட்டில் ஏற்கனவே இருந்தது. அதை அழித்தது எங்கள் பதிவேடு.

மூன்றாவது முடிவு பற்றி நான் பிழையான பக்கம் நின்றேன். ஒரு குறிப்பிட்ட வருடத்துக்கு முந்திய வரிகளை எல்லாம் 4.43 ஆல் பெருக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் மறுத்தார். புதுக் கருவி வந்த பிறகும் பழையதை உடனே ஒதுக்கி வைக்கவில்லை. ஏழு மாதமளவில் இரண்டும் பாவனையில் இருந்தன. அந்த மாதங்களில் எந்த வரி எந்தக் கருவி என்று தெரியாமல் பெருக்கினால், நல்ல கிணறு சிவப்பாகும். இரண்டாம் முறையும் பிழை விட்டால் ஊரில் எங்களுக்கு முகம் இருக்காது. ஆகவே ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் தேடுவது, ஆதாரம் கிடைக்காததை ஒதுக்கி வைப்பது என்று முடிவானது.

நிதி தருவோருக்கு அதே கிழமை எழுதி, அறிக்கையைத் திருப்பிப் பெற்றோம்.

ஆதாரம் எங்கே இருந்தது

கருவி மாறிய செய்தி ஒரேயொரு இடத்தில்தான் பகிரப்பட்டிருந்தது: வெளிக்களக் குழுவின் வைபரில், ஐயாவின் குரல்பதிவாக. அதைக் கேட்டவர்களில் இரண்டு பேர் வெளிநாடு போய்விட்டார்கள், ஒருவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஐயாவோ தொலைபேசியை மாற்றியிருந்தார். பதிவு எங்கும் இல்லை.

கொப்பிகள் இருந்தன. அலுவலக அலுமாரியில் 11. மூன்று ஐயாவின் வீட்டில், பொலித்தீன் பையில் சுற்றி, கட்டிலுக்கு மேல் இறாக்கையில். அலுவலகச் சொத்தை ஏன் வீட்டில் வைத்திருந்தார் என்று கேட்க எனக்கு வாய் உன்னியது. அவரே சொன்னார். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி போரினால் வலிகாமமே எழும்பி நடந்தபோது, முன்பு வேலை செய்த இடத்தின் பதிவுகளை அப்படியே விட்டுவிட்டுப் போனாராம். திரும்பி வந்தபோது கூரையே இல்லை. அதன்பிறகு முக்கியமானதைக் கைக்கெட்டிய தூரத்தில், பையில் சுற்றி வைப்பது பழக்கமாகிவிட்டது. இங்கே காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிற வீடுகள் எத்தனையோ. ஆட்கள் தகவலைத் தங்களோடு வைத்துக்கொள்வதைத் தன்னலம் என்று அறிவு முகாமைத்துவப் பயிற்சிகளில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் மண்ணில் அதற்கு வேறு காரணமும் உண்டு.

கொப்பியைத் திறந்ததும் விடை கண்முன்னே கிடந்தது. புதுக் கருவியால் எடுத்த எண்களுக்குக் கீழே ஐயா சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தார். இரண்டு கருவியும் இருந்த ஏழு மாதமும் ஒரு வரி தவறாமல். எக்செலில் அடித்தவர் எண்ணை மட்டும் அடித்தார். கோட்டை எங்கே அடிப்பது? அதற்கு நிரல் இல்லை. அவர் இன்றும் எங்களோடு வேலை செய்கிறார். இதைக் கேட்டு அழுதுவிட்டார்.

அன்றைய கூட்டத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒரு கதை சொன்னார். 1999 செப்ரெம்பரில் செவ்வாயை ஆராயப் போன நாசாவின் சுற்றுக்கலம் ஒன்று அழிந்தது. ஒரு பகுதியினரின் மென்பொருள் பவுண்டுக் கணக்கில் எண் கொடுத்தது, மற்றப் பகுதியினர் அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்தார்கள். எண் சரியாகவே இருந்தது, அலகு அதோடு சேர்ந்து வரவில்லை. எக்செலில் அடித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆளில் பிழை தேடுவதில்லை என்று அந்தக் கூட்டத்திலேயே முடிவெடுத்தோம். அப்படி எடுத்திராவிட்டால் அடுத்த ஆறு நாள் நடந்தது நடந்திராது.

கிணற்றடியில் ஆறு காலைகள்

முதலில் ஐயாவை அலுவலகத்துக்கு அழைத்து, மேசையில் கோப்பை விரித்துக் கேட்டோம். சரிவரவில்லை. "எல்லாம் எழுதித் தந்திட்டன்தானே தம்பி" என்றார். உண்மையாகவே அவருக்கு வேறு எதுவும் நினைவில் வரவில்லை.

பிறகு ஓட்டோ பிடித்துக் கிணறு கிணறாகப் போனோம். கிணற்றுக்கட்டில் கை வைத்ததும் அவர் பேசத் தொடங்கினார். இந்தக் கிணற்றில் காலையில் இறைக்க முதல் எடுக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு அங்குலப் பம்பு போட்டால் ஆடி மாதத்தில் உவர் ஏறிவிடும். அந்தக் கிணற்றில் தெற்குப் பக்கம் வாளி விடக்கூடாது, மதிலுக்கு அப்பால் பழைய மலசலகூடக் குழி. இது வீட்டுக்காரர் கனடாவில், பார்க்கிறவருக்குச் சொல்லாமல் உள்ளே போகக்கூடாது. இதிலே ஒரு வருடம் எண் திடீரென்று குறைந்தது, அந்த முறை வெங்காயம் வைக்கவில்லை. இது மாரி முடிந்து மூன்று கிழமை போக முதல் அளந்தால் ஏமாற்றும்.

இதில் ஒரு வரிகூட எந்தக் கோப்பிலும் இல்லை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் தொலைபேசியில் குரலைப் பதிந்து, இரவே எழுதி, மறுநாள் காலை ஓட்டோவில் ஐயாவுக்கு வாசித்துக் காட்டுவார். மூன்றில் ஒன்றையாவது அவர் திருத்தினார். திருத்தும்போது இன்னும் இரண்டு விடயம் வரும்.

ஆறு நாளுக்கும் ஐயாவுக்கு ஆலோசகர் ஒருவருக்குரிய நாட்சம்பளம் கொடுத்தோம். அவர் வாங்க மறுத்தார். "ஐயா, இது வேலை, உதவி இல்லை" என்று முகாமையாளர் நேரே போய்ச் சொல்லிக் கொடுத்தார். என் பார்வையில் இந்த முழு விடயத்திலும் நாங்கள் எடுத்த மிகச் சரியான முடிவு அது. இலவசமாகக் கேட்டிருந்தால் அடுத்தமுறை கேட்க எங்களுக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

பதிவேட்டை மாற்றியது

இனி அலகு தலைப்பில் இல்லை. ஒவ்வொரு வரியிலும் இருக்கும். எந்தக் கருவி, யார், எத்தனை மணிக்கு, கிணற்றின் எந்தப் பக்கம் என்பனவும் வரியிலேயே. தட்டச்சு கூடுகிறது என்று முறைப்பாடு வந்தது, இன்னும் வருகிறது. விட்டுக்கொடுக்கவில்லை.

கொப்பியில் நிறம், கோடு, வட்டம் எது போட்டாலும், முதல் பக்கத்தில் அதன் அர்த்தத்தை எழுத வேண்டும். பாமினிக் கோப்புகள் எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றினோம். பழையதை அழிக்காமல் தனியாக வைத்தோம், ஏனென்றால் மாற்றும்போது சில எழுத்துகள் குழம்புகின்றன. கிணறு ஒவ்வொன்றுக்கும் அதன் எல்லாப் பெயர்களையும் ஒரு பட்டியலில் சேர்த்தோம். யார் எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே இலக்கத்துக்கு வந்து சேரும்.

அந்த இலக்கத்தைக் கிணற்றுக்கட்டில் மையால் எழுத நினைத்தோம். பலர் விடவில்லை. "நம்பர் போட்டா நாளைக்கு ஆரும் வந்து எங்கட கிணறில்லை எண்டு சொல்லுவினம்" என்றார் ஒருவர். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி, பல வருடம் சொந்தக் காணிக்குள் கால் வைக்க முடியாதிருந்த குடும்பம் அது. நாங்கள் வற்புறுத்தவில்லை. கட்டில் ஒன்றும் எழுதாமல், கிராம அலுவலர் பிரிவு இலக்கத்தோடு ஒரு கைவரைபடத்தைக் கோப்பில் வைத்தோம்.

அச்சுப் பிரதி ஒன்றும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறோம். 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்ற நாட்களில், கணினிக்குள் இருந்தது எல்லாம் எங்களுக்கு இல்லாததுபோலத்தான்.

சரிவராத ஒன்று

எல்லாரும் தெரிந்ததை எழுதி வைக்க இணையத்தில் ஒரு பொதுப் பக்கத்தொகுதி செய்தேன். தலைப்புகள், வார்ப்புருக்கள், வழிகாட்டி எல்லாம் வைத்து ஒரு மாதம் உழைத்தேன். முதல் மாதம் நாலு பதிவு, அதில் மூன்று என்னுடையது. இரண்டாம் மாதம் ஒன்றுமில்லை. வெயிலில் சைக்கிளில் பத்துக் கிணறு பார்த்துவிட்டு வருகிறவர், ஆங்கில இடைமுகத்தில் தமிழ் தட்டச்சிட்டு அனுபவத்தை எழுதுவார் என்று நான் எப்படி நினைத்தேனோ தெரியவில்லை.

அதை நிறுத்திவிட்டு, வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குத் தேத்தண்ணியோடு இருபது நிமிடம் இருக்கத் தொடங்கினோம். கேள்வி ஒன்றுதான்: இந்தக் கிழமை என்ன மாறியது? கருவியா, ஆளா, கிணறா, வழக்கமா? ஒருவர் சொல்வார், ஒருவர் எழுதுவார், சொன்னவர் வாசித்து ஒப்பமிடுவார். எழுதுகிறவர் சொல்கிறவராக இருக்கக்கூடாது. தெரிந்தவன் எழுதினால் தெரிந்ததை விட்டுவிடுகிறான். தெரியாதவன் எழுதினால் "அதென்ன?" என்று நிறுத்திக் கேட்கிறான்.

விளைவு

பழைய வரிகளில் அநேகமானவற்றுக்குக் கொப்பியிலிருந்து ஆதாரம் கிடைத்தது. பச்சையாகக் காட்டிய கிணறுகளை எல்லாம் திரும்ப அளந்தோம். பாதிக்கு மேல் சிவப்புக்கு மாறின. அறிக்கையில் எழுதியிருந்த ஏற்றம் பெரும்பாலும் காணாமல் போனது. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று உண்மையான பிரச்சினைதான், ஆனால் அந்த வருடங்களில் அது நாலு மடங்கு ஏறவில்லை. முன்பே அப்படித்தான் இருந்தது. இந்த வித்தியாசம் சின்னதல்ல. நாலு மடங்கு ஏறியது என்ற கதையில் தோட்டக்காரர் அண்மையில் ஏதோ குற்றம் செய்தவர் ஆகிறார்.

இரண்டு கொப்பிகளின் நடுப்பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. அந்த வரிகளுக்கு எதிரே "அலகு தெரியாது" என்று எழுதி, வரைபடத்தில் சாம்பல் நிறத்தில் விட்டிருக்கிறோம். அவற்றை ஒரு கணக்குக்கும் எடுப்பதில்லை.

புதிய வரைபடத்தை ஒட்டுவதற்கு முதல் ஐயாவோடும் அவ்வூர்ப் பெரியவர்கள் சிலரோடும் இருந்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தோம். இரண்டு இடத்தில் நிறுத்தினார்கள். இரண்டும் சரியான நிறுத்தம்.

இன்று செய்வதானால்

ஐ.எஸ்.ஓ. 30401 என்று 2018 இல் வந்த அறிவு முகாமைத்துவத் தரநியமம், ஒரு நிறுவனம் புதிய அறிவைப் பெறுவது, இருப்பதைப் பாவிப்பது, இருப்பதை இழக்காமல் காப்பது, பழசானதையும் செல்லாததையும் கையாள்வது என்று நாலையும் கேட்கிறது. பெறுவதிலும் பாவிப்பதிலும் நாங்கள் ஊக்கமாகத்தான் இருந்தோம். காப்பதில் தவறினோம். நாலாவதைப் பற்றி யோசித்ததே இல்லை. "பத்து" என்ற எல்லை பிழையானதல்ல, ஆனால் புதுக் கருவி வந்த அன்று அது எந்தக் கணக்கின் எல்லை என்று எழுதியிருக்க வேண்டும். அதற்கு ஒரு வரி போதும்.

கையளிப்பை இரண்டு நாளில் செய்யமாட்டேன். போகிறவரும் வருகிறவரும் ஒரு மாரியும் ஒரு கோடையும் சேர்ந்து கிணற்றடிக்குப் போக வேண்டும். ஒரு கிணற்றை ஒரு பருவத்தில் மட்டும் பார்த்தவர் அதைப் பார்த்தவராக மாட்டார். இதற்கு நிதி கேட்கும்போது, அந்த மாதங்களின் இரட்டைச் சம்பளத்தையும் வெட்கப்படாமல் ஒரு வரியாக எழுதுகிறோம். ஒருமுறை மறுத்தார்கள், ஒருமுறை தந்தார்கள்.

இரண்டு கோப்புகளை இணைக்கும்போது, தலைப்பு ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தமாட்டேன். இரண்டிலும் இருக்கும் ஐந்து கிணறுகளை எடுத்து, எண்ணை எண்ணால் வகுத்துப் பார்ப்பேன். அரை மணித்தியால வேலை. அன்று அதைச் செய்திருந்தால் அந்த வீட்டு அம்மம்மா எங்களை நம்பித் தன் கிணற்றில் அள்ளியிருக்கமாட்டார்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் வருகிற தை மாதம் மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறார். அவருக்குப் பதிலாக வந்த தம்பி நாலு மாதமாக அவரோடு சைக்கிளில் திரிகிறான். போன கிழமை ஒரு கிணற்றடியில், கயிற்றை ஏன் மூன்று முழம் மட்டும் இறக்குகிறீர்கள் என்று கேட்டானாம். அவருக்குக் காரணம் தெரியவில்லை. ஐயா அப்படிச் செய்ததைப் பார்த்து அவரும் செய்துவந்தார். கொப்பியை எடுத்து இருவரும் ஓட்டோ பிடித்து ஐயா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.